காட்டேரி அல்லாதோர் சான்றிதழ்

எங்கள் சபையில் ஒருவர் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், மூன்று ஞாயிறு ஆராதனையில் அவருடைய ஓலை வாசிக்கப்பட வேண்டும். இன்னாரை இன்னார் மணக்க இருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர் எழுந்து சொல்லலாம் என்பதுதான் ஓலை. என் ஆயுளில் யாரும் எழுந்ததில்லை. ஓலைக்கு முன்னால் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் சபைக் கமிட்டியில் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன். ஆகையால் என் அண்ணன் மகளின் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருஷம் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டிருந்தது. சபை சம்பந்தப்பட்ட எந்தப் படிவத்திலும் ஆங்கிலச் சொல் கூடாது. 'கமிட்டி' என்ற சொல்லை என்ன செய்வது என்று ஆராய ஒரு சப்-கமிட்டியும் போட்டார்கள். என் அண்ணன் மகள் பிளட் பேங்க்கில் டெக்னீஷியன், நைட் ஷிஃப்ட். இதில் ஒரு சொல்கூடப் படிவத்துக்குள் நுழைய முடியாது. எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்து யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதினேன்.

தொழில்: மனிதரிடமிருந்து இரத்தம் எடுத்துச் சேமித்து வைத்தல். வேலை நேரம்: சூரிய அஸ்தமனம் முதல் சூரிய உதயம் வரை.

எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டேன்.

மாப்பிள்ளை ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். அவனுக்கும் இரவு வேலைதான். இருவரும் வேலை முடிந்து காலையில் ஒரே பஸ் ஸ்டாப்பில் கொட்டாவி விட்டுப் பழகியவர்கள். அவனுடைய விண்ணப்பத்தில் 'அப்பம் செய்பவன்' என்று எழுதியிருந்தேன். சபையில் அதைவிட மரியாதையான தொழில் கிடையாது.

இரண்டு ஞாயிறு ஓலை நல்லபடியாக வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஞாயிறுக்கு முன்னால் கருத்தரங்கு வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் காட்டேரிதான் மோஸ்தர். பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டு, நகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, காட்டேரிப் படம் பார்த்து ரசித்தார்கள். பெற்றோர் காட்டேரிக்கு எதிரான பிரசங்கம் கேட்டு ரசித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் 'இரத்தக்காட்டேரியும் இருளின் கிரியைகளும்: ஒரு கிறிஸ்தவப் பார்வை' என்று மூன்று நாள் வகுப்பு எடுத்தார். அவர் இதுவரை ஒரு காட்டேரியையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் இருப்பதுதான் அதன் தந்திரம் என்று அவர் விளக்கியபோது, கமிட்டி உறுப்பினரான பல் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். முடிவில் ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். அதில் காட்டேரியின் பதின்மூன்று அடையாளங்கள் இருந்தன.

கையேடு கிடைத்த பிறகு அதை உபயோகிக்க ஆள் வேண்டும் அல்லவா? எங்கள் செயலாளர் ரிட்டயர்டு ஆபீசர். முப்பத்தைந்து வருஷம் ஒரு பைலையும் சும்மா விட்டதில்லை. சபை பைல்களைப் புரட்டினார். என் தமிழ் அவர் கண்ணில் பட்டது.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். ஆயர் ஒரு நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத கமிட்டி எப்போதும் ஏகமனதாக இருக்கும். "விசாரணை முடியும்வரை ஓலையை நிறுத்தி வைப்பது" என்று தீர்மானம். ஏழு பேர் கையெழுத்து. ஆறாவது என்னுடையது.

நான் பேச வாயெடுத்தது உண்மை. அப்போது பார்த்து டீ வந்துவிட்டது. டீக்குப் பிறகு எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் மட்டும் பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்?

ஞாயிறு ஓலை வாசிக்கப்படவில்லை. அன்று மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் போன பிறகு அவளுக்கு நான்தான் அப்பா ஸ்தானம்.

"சித்தப்பா, கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கு. ஏன் வாசிக்கல?"

"ஒரு சின்ன சம்பிரதாயம்மா. விசாரணைன்னு வெச்சிருக்காங்க."

"என்ன விசாரணை?"

சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் முடிச்சுக்கலாம்னு அவர் சொல்றார். நான் முடியாதுன்னுட்டேன். ஒன்பது வருஷம் இங்க பாட்டுக் குழுவுல நின்னுருக்கேன். அப்பாவை இங்கேர்ந்துதான் எடுத்துட்டுப் போனோம். எனக்குக் கல்யாணம் இங்கதான் நடக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கூட்டத்துல நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம இருப்பேனா? எதிர்த்துத்தான் பேசினேன். யார் கேக்கறா?"

இந்தப் பொய்யைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. அதற்குப் பிறகுதான் தூக்கம் போயிற்று.

புதன்கிழமை மாலை விசாரணை. இந்தத் தடவை ஆயரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். அவள் கமிட்டி அறையின் வாசலில் வந்து நின்றாள். நாங்கள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உள்ள வாம்மா" என்றார் பல் டாக்டர்.

வந்தாள். செயலாளர் கையேட்டில் ஒரு கோடு போட்டார். "அடையாளம் நாலு. அழைக்காமல் வீட்டுக்குள் நுழையாது. எழுதிக்குங்க."

"சார், அது மரியாதை" என்றாள் அவள்.

"அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார் செயலாளர். அவர் யார் வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழைகிறவர். அந்த வகையில் அவர் மேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

"பூண்டு சாப்பிடுவியா?"

"சாப்பிட்டா நெஞ்சு எரியுது சார்."

'பூண்டு பட்டால் எரிகிறது என ஒப்புக்கொண்டார்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் கைதான் எழுதியது.

"வெயில்?"

"வேலை முடிஞ்சு காலைல வெளிய வந்தா கண்ணு கூசும்."

"கூசும்" என்று செயலாளர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். "ஒரு மனுஷனைப் பார்த்தா முதல்ல எதைக் கவனிப்பே?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். "நரம்பைத்தான் சார். பழக்கம் அப்படி. நல்லாத் தெரியற நரம்பா இருந்தா ஒரே குத்துல கிடைச்சுடும், சந்தோஷமா இருக்கும்." சொல்லிவிட்டுச் செயலாளரின் முழங்கையைப் பார்த்தாள். "உங்களுக்கு நல்ல நரம்பு சார்."

செயலாளர் அரைக்கைச் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். அது நீளவில்லை.

அடுத்தது கண்ணாடிச் சோதனை. காட்டேரி கண்ணாடியில் தெரியாது. ஆயர் அங்கி மாட்டும் அறையிலிருந்த கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். ரசம் போய் இருபது வருஷமாகிறது. அவள் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பல் டாக்டரும் தெரியவில்லை. கண்ணாடியைப் பிடித்திருந்த பொருளாளர் எட்டிப் பார்த்தார். அவரும் இல்லை. 'கண்ணாடி ஒத்துழைக்க மறுத்தது' என்று பதிவு செய்தோம்.

"கழுத்துல சிலுவை போட்டிருக்கே" என்றார் பல் டாக்டர் மெதுவாக. "அதைப் பார்த்தா காட்டேரி ஓடணுமே?"

"ஒன்பதாம் பக்கம்" என்றார் செயலாளர். "தேர்ந்த காட்டேரிகள் சந்தேகம் வராமலிருக்கச் சிலுவை அணியும்."

இதுவரை சும்மா இருந்த ஆயர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சிலுவை போட்டாலும் காட்டேரி, போடலேன்னாலும் காட்டேரி. அப்போ இந்தப் பொண்ணு என்ன செஞ்சா மனுஷி?"

"அது கையேட்டுல இல்ல ஐயா."

"காட்டேரி உண்டுன்னு நீங்க நம்புறீங்களா?"

"அது கமிட்டியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கு ஐயா."

ஆயர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சாவையே ஜெயிச்சவரை நம்புறோம்னு ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சொல்றோம். புதன்கிழமை வந்து பூண்டை நம்புறோம். பூண்டுக்கும் கண்ணாடிக்கும் சக்தி இருக்குன்னு நம்புறதுக்குப் பேருதான் மாந்திரீகம். இந்த ரூம்ல அதைச் செஞ்சது இந்தப் பொண்ணு இல்ல."

"ஐயா, அது பிரசங்கம். இது கமிட்டி" என்றார் செயலாளர், வருத்தத்துடன்.

"சரி, கமிட்டி பாஷையிலேயே பேசறேன். 'காட்டேரிகள் உண்டென்று இச்சபை விசுவாசிக்கிறது' அப்படின்னு ஒரு தீர்மானம் எழுதுங்க. ஏழு பேரும் கையெழுத்துப் போடுங்க. நாளைக்குக் காலைல நானே பிஷப்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

பொருளாளர் மணி பார்த்தார். பல் டாக்டருக்கு ஒரு நோயாளி ஞாபகம் வந்தது. பிஷப் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு மூன்று பிரதியில் கடிதம் வரும் என்பதைச் செயலாளரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது.

கால் மணி நேரத்தில் அவரே சான்றிதழ் எழுதினார். 'மேற்படியார் காட்டேரி அல்லர்.' ஆனாலும் விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கக் கூடாதே என்று கடைசியில் கறாராக ஒரு வரி சேர்த்தார்: 'இச்சான்று பெற்றவர் மட்டுமே ஐயத்துக்கு இடமின்றி மனிதராகக் கருதப்படுவார்.'

மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. கல்யாணம் அவள் விரும்பியபடியே எங்கள் கோயிலில் நடந்தது. செயலாளர் முன் வரிசையில் உட்கார்ந்து விருந்தும் சாப்பிட்டார். இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

பாட்டுக் குழுவில் ஓர் அத்தை இருக்கிறார். அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டினாலும் கடைசி வரிவரை படிப்பார். அங்கே ஒட்டியிருந்த சான்றிதழில் அந்த வரியையும் படித்தார். "சான்று பெற்றவர் மட்டுமே மனிதர்னா, அப்போ நாங்க யாரு?" என்று செயலாளரைக் கேட்டார்.

செயலாளரிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், சான்றிதழும் இல்லை.

அடுத்த ஞாயிறு நானூறு குடும்பம் மனுவோடு வரிசையில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டால் நாம் வாங்காமல் இருக்க முடியுமா? பள்ளிக்கூட அட்மிஷனுக்குக் கேட்பார்கள் என்று ஒரு வதந்தி. ஆனால் வழங்குவது யார்? மனிதரா இல்லையா என்று தெரியாத ஒருவர் இன்னொருவரை மனிதர் என்று எப்படிச் சொல்ல முடியும்? கமிட்டி இரண்டு நாள் விவாதித்தது. சபையில் ஐயத்துக்கு இடமில்லாத மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இனிமேல் சான்றிதழில் அவள்தான் கையெழுத்திட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அவள் ஆயரிடம் யோசனை கேட்டாள். பிறகு கோயில் பக்கத்து மண்டபத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். "பூண்டு, கண்ணாடி எதுவும் வேண்டாம். காட்டேரி எடுக்கும், கொடுக்காது. நம்ம ஆண்டவர் கொடுத்தவர், எடுக்கல. அதனால ஆளுக்கு ஒரு பாட்டில் இரத்தம் கொடுங்க. ஆஸ்பத்திரியில ஸ்டாக் இல்ல. கொடுத்தவங்களுக்குக் கையெழுத்துப் போடறேன்."

வரிசை கரைந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, ஒருவருக்கு அன்றைக்கென்று வெளியூர்ப் பயணம். பல் டாக்டருக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமாம். கடைசியில் கொடுத்தவர்கள் ஆயர், மாப்பிள்ளை, கறுப்பு நகப் பிள்ளைகள் பதினொரு பேர்.

கமிட்டி சளைக்குமா? இரத்தம் கொடுக்க இயலாதோருக்கு விதிவிலக்குப் படிவம் அச்சடித்தோம். அதற்கும் அவள் கையெழுத்துத்தான் வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தாள். நானும் ஒருநாள் என் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"உங்களுக்கு என்ன சித்தப்பா?"

"பிரஷர்மா."

பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தாள். "நூத்தி இருபது, எண்பது. சின்னப் பையன் மாதிரி இருக்கீங்க."

நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இனி ஒரு பொய்யைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

"அன்னைக்கு நான் எதிர்த்துப் பேசலம்மா. கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும் சித்தப்பா. விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதத்தோட தீர்மானத்தின் பிரதியும் அனுப்பியிருந்தாங்க."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா மறுபடியும் பொய் சொல்லுவீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கும்." பேனாவை எடுத்தாள். "பயமா இருந்துதா?"

"ஆமா."

"இப்ப ஊசிக்கும் அதே பயம்தானா?"

"ஆமாம்மா."

கோபமே இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வெளியே வந்துதான் படித்தேன். 'மனிதர் என்பதற்கான ஆதாரம்' என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்: 'பயந்தார்.'

எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று மனசு கேட்கவில்லை. பிரதிகளெல்லாம் சபை அலுவலகத்தில் என் அலமாரியில்தான் இருக்கின்றன. செயலாளருடையதை எடுத்துப் பார்த்தேன். பொருளாளருடையதை, பல் டாக்டருடையதை, அத்தையுடையதைப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பதின்மூன்று பேரைத் தவிர, நானூறு குடும்பத்துக்கும் அதே ஒரு வார்த்தைதான்.