இரண்டரை நட்சத்திரக் கணவர்

அந்த வீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஜீவன் இதுவரை பிறக்கவில்லை. காலை டீக்கு இரண்டரை. புதுத் திரைச்சீலைக்கு இரண்டு. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகப் போட்டுக்கொண்ட கொண்டையைப் பார்த்து, "ம்... ரெண்டரை. ஆரம்பம் நல்லாயிருக்கு, முடிவுல தொய்வு" என்ற மகானுபாவர் அவர்.

பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்தில் அப்பளமான கார்களைச் சுற்றி வந்து, "அப்படி ஒண்ணும் நசுங்கலையே" என்று தொகையைக் குறைப்பார். சாயங்காலம் ராக் இசை ஆல்பங்களை விமர்சனம் எழுதி நசுக்குவார். அந்த விமர்சனங்களைப் படிக்கவென்றே செல்போனில் ஒரு ரசிகர் குழு. ஒருவர் கிதாரைக் 'கண்ணீர் விடும் இரும்பு' என்பார். மற்றவர்கள் வரிசையாக 'ஆகா' போடுவார்கள். ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஆகா போட வேண்டும் என்று குழுவில் சட்டம் எதுவும் கிடையாது.

சண்டை ஹாலுக்காக வந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சாயங்காலத்தில் வீட்டிலேயே நாலு பேருக்கு இடுப்பு, முழங்கால் பார்க்கலாம் என்று நெடுநாள் ஆசை. அதற்கு ஒரு கட்டில் போட வேண்டும். கட்டில் போட வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், மாமியார் வீட்டு பீரோ மாதிரி நின்றன.

"ரெண்டையும் மாடி ரூமுக்கு ஏத்திடலாமேங்க."

"மாடியில சவுண்டு செத்துடும்!"

"இங்க இருந்தா நான் செத்துடுவேன்."

"உனக்கு ராக் புரியல. அதான் கோபம்."

"பாட்டெல்லாம் புரியுதுங்க. நீங்க எழுதறதுதான் புரியல. அந்த மாதிரி யார் வேணாலும் எழுதலாம்."

எங்கே அடித்தால் வலிக்கும் என்பது பிசியோதெரபிஸ்டுக்குத் தெரியாதா? அவர் துள்ளி எழுந்தார்.

"யார் வேணாலுமா? நீ எழுதேன் பார்க்கலாம்! குழுவுல என்னுதைவிட உன்னுது உசத்தின்னு சொல்லிட்டா, ரெண்டு ஸ்பீக்கரையும் நானே தூக்கிட்டுப் போய் மாடியில வெக்கிறேன். ஹால் உனக்கு."

"சொல்லலைன்னா?"

"இனிமே இந்த வீட்டுல ஹால்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே அவர் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அவர் மனசு போட்டிக்கு ஆல்பம் தேடிக்கொண்டிருந்தது. தான் எழுதியதிலேயே தலைசிறந்த விமர்சனம் எதுவோ, அந்த இசைத்தட்டையே எடுத்து நீட்டினார். புது இசைக்குழு ஒன்றின் முதல் தட்டு. 'குகைக்குள்ளிருந்து ஆயிரம் வருஷத் துக்கம் எழுந்து வருவது போல் ஓர் ஆண் குரல். இத்தனை மெதுவாக வாசிக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்' என்று எழுதி, சரித்திரத்திலேயே முதல் தடவையாக நாலு நட்சத்திரம் போட்டிருந்தார். தட்டின் அட்டையில் நாலு பெண்கள் கிதாரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: 'புகழை வெறுக்கும் இக்குழுவினர், தங்கள் முகத்துக்குப் பதில் யாரோ நாலு பெண்களைப் போட்டிருப்பது கூர்மையான கேலி.' செல்போன் குழுவில் ஆகா மழை. பல் டாக்டர் ஒருவர், 'அந்தக் குரல் கடைவாய்ப் பல்வரை இறங்கியது' என்று உருகியிருந்தார்.

மறுநாள் அவர் ஆபீசிலிருந்து வந்ததும், மனைவி தன் விமர்சனத்தை நீட்டினாள்.

'குதிச்சு ஆடலாம் போல இருக்கு. பாடுறது ஒரு பொண்ணு. ரெண்டாவது பாட்டுல சிரிப்பை அடக்க முடியாமப் பாடுறா. மூணாவதுல மூச்சு வாங்குது, ஆனாலும் விடல. கேட்டு முடிச்சதும் பாத்திரம் கழுவக்கூட அலுப்பா இல்ல. நட்சத்திரம் போட எனக்குத் தெரியாது.'

அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பொண்ணா!"

"மாத்தணுமாங்க?"

"ஒரு எழுத்தை மாத்தாதே!"

"நீங்களும் ஒரு தடவை கேட்டுட்டு..."

"நாலு தடவை கேட்டாச்சு!"

"யோசிச்சுக்குங்க. அனுப்பினா அனுப்பினதுதான்."

"நானே அனுப்பறேன், குடு இப்படி!"

அனுப்பினார். சும்மா அனுப்பவில்லை. 'என் இல்லத்தரசியின் கன்னி முயற்சி. குகைக்குள் குமரியைக் கண்ட காது! அன்பர்கள் பொறுத்தருள்க. ஒப்பிட்டு ரசிக்க என் விமர்சனத்தையும் கீழே தருகிறேன்' என்று முன்னுரையோடு அனுப்பினார். நாள் முழுக்க ஊரார் முதுகெலும்பை நிமிர்த்திவிட்டு வருகிறவள் எப்போது இல்லத்தரசியானாள் என்று யாரும் கேட்கவில்லை. சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

நடுவே, அந்த நாலு நட்சத்திரச் சேதி கேட்டு அன்றைக்குத்தான் குழுவில் சேர்ந்த யாரோ ஒருவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. அமுக்கினார். வெள்ளிக் கிண்ணத்தில் ஸ்பூன் விழுந்த மாதிரி ஒரு பெண் குரல்.

"அக்கா, ரொம்ப தேங்க்ஸ்! அந்த ஆல்பத்துல பாடினது நான்தான். அதை நிஜமாவே கேட்ட முதல் ஆள் நீங்க. ரெண்டாவது பாட்டுல டிரம்ஸ் வாசிக்கிறவ கையிலிருந்து குச்சி பறந்துடுச்சு, அதான் சிரிப்பு! அப்புறம், அந்தக் குகை சார்... அந்தத் தட்டை நாப்பத்தஞ்சுல ஓட்டணும் சார். லேபிள்லயே போட்டிருக்கோமே."

விஷயம் இதுதான். பெரிய தட்டுகள் பெரும்பாலும் முப்பத்து மூன்று என்ற வேகத்தில் சுற்றும். சில மட்டும் நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டும். அதற்கென்று பிளேயரில் ஒரு பட்டன் உண்டு. அதைத் தள்ளாமல் விட்டால் குயிலும் எருமையாகிவிடும். நாலு தடவையும் அவர் எருமையைத்தான் கேட்டிருக்கிறார்.

செல்போனில் பழைய ஆகாக்கள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. 'செய்தி நீக்கப்பட்டது.' 'செய்தி நீக்கப்பட்டது.' பல் டாக்டர் மட்டும், 'எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்' என்று எழுதினார். பிறகு குழு மொத்தமும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: மேடத்தின் விமர்சனமே உசத்தி.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அட்டையைப் பாத்தேன், நாலு பொண்ணுங்க. லேபிளைப் பாத்தேன், நாப்பத்தஞ்சு. பட்டனைத் தள்ளினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அதுக்கும் ரெண்டரை போட்டிருப்பீங்க."

வாக்கு வாக்குதான். முதல் ஸ்பீக்கர் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு படி திரும்பும் இடத்தில் அவரும் திரும்பினார். இடுப்பில் 'மடக்' என்றது.

ஹாலில் புதுக் கட்டில் போட்டாயிற்று. முதல் நோயாளி குப்புறப் படுத்திருந்தார்.

"மெதுவா... மெதுவாம்மா!"

"மெதுவாப் போனா உங்களுக்கு எல்லாம் தப்புத் தப்பாக் கேக்குமேங்க." அவள் கட்டைவிரல் இடுப்பில் சரியான இடத்தைக் கண்டுபிடித்து நின்றது. "எப்படி இருக்கு வைத்தியம்? எத்தனை நட்சத்திரம்?"

"ரெண்ட..."

கட்டைவிரல் இறங்கியது.

குகைக்குள்ளிருந்து ஆயிரம் வருஷத் துக்கம் எழுந்து வருவது போல் ஓர் ஆண் குரல் சொன்னது: "அ...ஞ்...சு!"