எட்டு ஜோடி அறங்காவலர்

"இந்த மாம்பழம் எதுக்கு?" என்று தாளாளர் பெரியண்ணன் கேட்டபோது எழிலரசனின் மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடியது அதுதான் கடைசித் தடவை.

திரையில் பதினாறு அட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. ஓர் அட்டையைத் தொட்டால் திரும்பும், மாம்பழம் தெரியும். அடுத்து தொடுகிற அட்டையிலும் மாம்பழம் வந்தால் மணி அடித்து இரண்டும் மறையும். வேறு பழம் வந்தால் இரண்டும் மறுபடி கவிழ்ந்துகொள்ளும். எது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்து ஜோடி சேர்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான விளையாட்டு. பாடம் தயாரிக்கிற மென்பொருள் ஒன்றின் முப்பது நாள் இலவசப் பதிப்பை இறக்கி, இதைத் தொட்டால் இது நடக்கவேண்டும், அதைத் தொட்டால் அது நடக்கவேண்டும் என்று ஒவ்வோர் அட்டைக்கும் கட்டளை கொடுத்து, எழிலரசன் மூன்று வாரம் உழைத்திருந்தான்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் அவன் தற்காலிகக் கணினி ஆசிரியர். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார். விளையாட்டு அவருக்குப் பிடித்து மாவட்டக் கண்காட்சிக்குப் போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் ஜூனிலிருந்து வேன் இன்சார்ஜ். அதாவது, டிரைவர் ராக்கனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கொத்தமங்கலம் வரை நாற்பது பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் பார்த்துக்கொள்கிற பதவி.

"மாம்பழம்னா பிள்ளைகளுக்குத் தெரியும்ங்க சார்."

"தெரிஞ்சதையே எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? நம்ம அறக்கட்டளையில எட்டுப் பேரு. ஒங்கிட்ட எட்டு ஜோடி. சரியா வருதுல்ல?"

சரியாகத்தான் வந்தது.

எழிலரசன் ஃப்ளெக்ஸ் கடை பாலாஜிக்குப் போன் செய்து அறங்காவலர்கள் படம் கேட்டான். அந்த வட்டாரத்தில் காதுகுத்திலிருந்து கும்பாபிஷேகம் வரை யார் முகம் சாலையோரம் சிரித்தாலும் அது பாலாஜியின் கடையில் அடித்ததுதான். அரை மணி நேரத்தில் எட்டுப் படமும் வந்து சேர்ந்தன. எட்டிலும் நீலக் கோட்டு, சிவப்பு டை, கும்பிட்ட கை. புதுக்கோட்டை வெயிலில் இவர்கள் யாரும் கோட்டுப் போட்டு அவன் பார்த்ததில்லை. அறக்கட்டளைக்கென்று ஒரு யூனிஃபார்ம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு பழங்களை நீக்கினான்.

மறுநாள் தாளாளர் தன் அண்ணன் சோலையப்பனை அழைத்துவந்தார். அண்ணன்தான் பொருளாளர். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எல்லாரையும் எதுக்குக் குப்புறப் போட்டு வச்சிருக்க?"

கவிழ்ந்திருந்தால்தான் அது விளையாட்டு என்று எழிலரசன் விளக்கினான். எட்டுப் பெரிய மனிதர்கள் குப்புறக் கிடப்பதில் என்ன விளையாட்டு வேண்டியிருக்கிறது என்று சோலையப்பன் கேட்டார். அன்று மாலைக்குள் அட்டைகள் போய்ச் சிவப்புத் திரைச்சீலைகள் வந்தன. தொட்டால், கல்வெட்டுத் திறந்துவைப்பதுபோல் சீலை விலகும். ஒரு சீலை விலக நான்கு விநாடி. பின்னணியில் நாகஸ்வரம்.

சோலையப்பனுக்கு அது பிடித்துப்போய், தானே ஆடிப்பார்த்தார். முதலில் அவர் வந்தார். அடுத்ததில் தம்பி வந்தார். ஜோடி சேரவில்லை. இரண்டு முகங்கள் மீதும் சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது. 'தவறு' என்றது குரல்.

சொத்துப் பிரித்த பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற ஒரே காரியம் அந்தப் பள்ளிக்கூடம்.

"யாரு மேல தவறுங்குது?" என்று சோலையப்பன் நிதானமாகக் கேட்டார்.

பெருக்கல் குறி நீக்கப்பட்டது. அந்த இடத்தில் என்ன போடுவது என்று எழிலரசன் கேட்டதற்கு, மரியாதையாக ஏதாவது போடச் சொன்னார் தாளாளர். அதன்பிறகு ஜோடி சேராதபோதெல்லாம் 'நன்றி, மீண்டும் வருக' என்று வந்தது. ஜோடி சேர்ந்தால் இருவரும் மறைந்துபோகிற ஏற்பாடு, அறங்காவலர்களின் வயதைக் கருதிக் கைவிடப்பட்டது. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மேலே பூ மட்டும் தூவியது.

புதன்கிழமை வேறு சிக்கல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் படங்கள் தானாக இடம் மாறும்படி எழிலரசன் செய்திருந்தான். அப்படி மாறியதில் தாளாளர் கடைசி வரிசையின் ஓரத்துக்குப் போய்விட்டார். அவர் கோபப்படவில்லை. வேனில் ஜன்னல் சீட்டு பிடிக்குமா என்று மட்டும் எழிலரசனிடம் விசாரித்தார்.

இடம் மாறுவதும் நின்றது. பதவி வரிசைப்படி, ஒவ்வொருவரும் தன் ஜோடிக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக அமர்த்தப்பட்டார்.

தலைமையாசிரியை புவனேஸ்வரி வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப இதுல பிள்ளைங்க எதை சார் ஞாபகம் வச்சுக்கணும்?"

"எங்களத்தான்" என்றார் தாளாளர்.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி அம்மையார் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டார். முன்வரிசையில் எட்டு அறங்காவலர்களும் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். புரொஜெக்டரின் பிளக் லூசாக இருந்ததால், அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள ராக்கன் திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார். கிளீனராக இருந்த காலத்திலேயே வேன் கதவில் கை நசுங்கியவர், பிளக்குக்கெல்லாம் பயப்படமாட்டார் என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

ஒன்றாம் வகுப்பு மிஸ்பாவை விளையாட அழைத்தார்கள். ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழிலரசன் அவளிடம் சொல்லிவைத்திருந்தான். வேறொன்றும் சொல்லிவைக்கவில்லை.

மிஸ்பா முதல் சீலையைத் தொட்டாள். நாகஸ்வரம். பெரியண்ணன். பிறகு கடைசி வரிசைக்குப் போய் ஒன்றைத் தொட்டாள். நாகஸ்வரம். தாளாளரின் மைத்துனர்.

"ஜோடி" என்றாள் மிஸ்பா.

'நன்றி, மீண்டும் வருக' என்றது குரல்.

"பக்கத்துல தொடு பாப்பா" என்று எழிலரசன் கிசுகிசுத்தான். அவள் காதில் வாங்காமல், முதல் சீலையை மறுபடி தொட்டுவிட்டு நடு வரிசையில் ஒன்றைத் தொட்டாள். சோலையப்பன் வந்தார்.

"இதுவும் ஜோடி."

'நன்றி, மீண்டும் வருக.'

அதிகாரி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எப்படிம்மா ஜோடிங்கிற? ஆளு வேற வேறயில்ல?"

"தலைதான் மிஸ் வேற. கோட்டு ஒண்ணு, டை ஒண்ணு. கும்புடுற கையப் பாருங்க, சுண்டு வெரலு வளைஞ்சிருக்கு. எல்லாருக்கும் அப்புடித்தான் இருக்கு."

எல்லாச் சீலையையும் திறக்கச் சொன்னார் அதிகாரி. நாகஸ்வரம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஒலித்தது, அதுவரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. பதினாறு படம், பதினாறு கும்பிடு, பதினாறு வளைந்த சுண்டுவிரல். அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுத்து, முன்வரிசையில் இருந்த கைகளைப் பார்த்தார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்கள். அறக்கட்டளை வரலாற்றில் அவர்கள் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அது.

முதலில் சமாளித்துக்கொண்டவர் பெரியண்ணன்தான்.

"கம்ப்யூட்டர்ல இந்தத் தம்பி பண்ணுன கோளாறுங்கம்மா. ஜூன்லேருந்து வேனுக்கு அனுப்பிடுறோம்."

எழிலரசன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று வார உழைப்பும் நிரந்தர வேலையும் கொத்தமங்கலம் ரோட்டில் வாந்தி எடுத்தபடி போவது அவனுக்குத் தெரிந்தது.

வேன் என்ற சொல் காதில் விழுந்ததும் ராக்கன் பிளக்கை விடாமலே திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். காலையிலிருந்து அவர் திரையின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. இப்போது மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரைக்கும் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முகத்தில் வெட்கமாக ஒரு சிரிப்பு வந்தது.

"தம்பிய வையாதீங்கய்யா. இது என் கல்யாணத்துக்கு, வாடகைக் கோட்டு போட்டு, பாலாஜி எடுத்த போட்டோ. தலைகதான் பெரியவுகளோடது, கழுத்துக்குக் கீழ பதினாறும் நாந்தாங்க."