ஒரே ஒரு வேலை பாக்கி

ஆயத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். புத்தகம் வாசிக்க உட்காருவதற்கு முன் விளக்கை மாற்றுவார், விளக்கை மாற்றியபின் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வார், நாற்காலி சரியானதும் அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து அகர வரிசையில் அடுக்குவார், அடுக்கி முடித்துக் கைகழுவி வந்து "தூக்கம் வருது" என்பார். சோம்பேறி என்று மட்டும் அவரைச் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறிக்காவது ஓய்வு உண்டு.

இந்த இனத்தில் கிளைகள் ஏராளம். அவற்றில் உயர்ந்த ரகம், துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் டிரெய்லரை வாங்கித் தன் கையாலேயே பூட்டிச் சேர்த்துக்கொள்கிறவர். நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பல் டாக்டர்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு லாரி அவர் வீட்டு வாசலில் ஏழு அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற டிரெய்லர். கல், மண், மேடு, பள்ளம் எதிலும் போகும். உள்ளே மூன்று பேர் படுக்கலாம். மொத்த எடையே இருநூற்றிருபது கிலோதான். அலுமினியத் தகடுகள், இரும்புச் சட்டம், இரண்டு சக்கரங்கள், பை நிறையத் திருகாணி, எண்பத்து நாலு பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம். பத்தாம் வகுப்பில் இருந்த மகள் பெரிய பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"எப்பப்பா போறோம்?"

"பூட்டி முடிச்சதும் நேரா ஏரிக்கரைதான். ஒரு மாசம்."

நியாயமாகப் பேசவேண்டும் அல்லவா? சொன்னபடி ஒரே மாதத்தில் பூட்டி முடித்துவிட்டார். தகடும் தகடும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. கதவை ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொண்டது. குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. மனைவி அன்றைக்கே பையில் துணிகளை எடுத்து வைத்தார். அப்போதுதான் அந்த வீட்டில் அந்த வாக்கியம் முதல்முறையாகக் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி."

அந்த ஒரே ஒரு வேலை, டம்ளர் வைக்க ஒரு சின்னத் தட்டு. தட்டு வந்ததும் அதில் டம்ளர் இருப்பது இருட்டில் தெரியவேண்டும் என்று ஒரு விளக்கு வந்தது. விளக்குக்காக பேட்டரி வந்தது. பேட்டரிக்காகக் கூரையில் சோலார் தகடு ஏறியது. இவ்வளவு பெரிய பேட்டரி சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. ஃபிரிட்ஜின் கனத்துக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்பிரிங்தான் இவ்வளவு தாங்குகிறதே என்று அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், இழுத்தால் அடுப்போடு வெளியே வரும் சமையல் இழுப்பறையும் வந்து சேர்ந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை உங்களுக்குத் தெரியும். இது கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை.

எடையைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பேச்செல்லாம் எடைதான். சமையலறைத் தராசு வீட்டைவிட்டு டிரெய்லர் நின்ற கொட்டகைக்குக் குடிபோயிற்று. பல்துலக்கும் பிரஷ்களைப் பாதியாக வெட்டினார். மூன்று கரண்டிகளைக் கிளினிக்குக்கு எடுத்துப்போய், கடைவாய்ப் பல்லைக் குடைகிற அதே கருவியால் காம்பில் ஏழேழு ஓட்டை போட்டார். பதினோரு கிராம் மிச்சம். அந்தப் பதினோரு கிராம் தந்த தைரியத்தில், சேற்றில் மாட்டினால் தோண்டுவதற்கென்று நாலு கிலோவில் ஒரு மண்வெட்டி வாங்கினார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று சொன்னவர்கள் இவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இனத்துக்குக் கேட்பவர் வேண்டும். மற்றவர்கள் ஆளைத் தேடி அலைகிறார்கள். பல் டாக்டருக்கு அந்தக் கவலை இல்லை. வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கும் மனிதரிடம் நாற்பது நிமிடம் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம். அவரால் "ஆ" என்று மட்டுமே சொல்ல முடியும். டாக்டர் அதை வியப்பு என்று எடுத்துக்கொள்வார். ஒருமுறை ஒரு பெரியவர் வாய் கொப்பளித்துத் துப்பியதும் முதல் காரியமாகக் கேட்டார்.

"இதுவரைக்கும் எங்கெல்லாம் போயிட்டு வந்தீங்க, டாக்டர்?"

"நீங்க ராத்திரி பல்லு தேய்க்கிறதே இல்லை போல" என்றார் டாக்டர்.

எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர். மாதம் ஒருமுறை ஒரு தார்ப்பாயும் கயிறும் ஒரு வாணலியும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு அதே ஏரிக்கரைக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவார். டாக்டருக்கு அவர்மேல் இரக்கம் உண்டு.

"மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"நனைவோம் டாக்டர்."

பாவம், ஆயத்தமே இல்லாத மனிதர் என்று நினைத்து டாக்டர் உள்ளே போய், தன் டிரெய்லருக்கு மடக்குப் பந்தல் ஒன்றுக்கு அளவெடுத்தார்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெண் பள்ளியை முடித்தாள், அப்பாவைவிட உயரமானாள், ஒரு இரவும் ஒரு பகலும் ரயிலில் போனால் வரும் ஊரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை ரயில்.

"சனிக்கிழமை ஒரே ஒரு ராத்திரிப்பா. நீங்க, நான், அம்மா. அதுக்கப்புறம் எப்பன்னு தெரியாது" என்றாள்.

டாக்டர் உடனே சரி என்றார். நடிப்பில்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். டிரெய்லரில் படிப்பதற்கென்று தனி விளக்கு, தனி அலமாரி, ஏறுவதற்கு ஒரு படி, எல்லாமே அவளுக்காகச் செய்ததுதான். அவளைத்தான் நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று விட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பியே விட்டார்கள். எதிர்வீட்டு டிரைவர் கையசைத்தார். தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

டொக்.

"கேட்டுச்சா?" என்றார் டாக்டர்.

"இல்லை" என்றார்கள் மனைவியும் மகளும் ஒரே குரலில்.

வண்டி வீட்டுக்குத் திரும்பியது. சந்தேகம் சமையல் இழுப்பறைமேல். அதைக் கழற்ற ஃபிரிட்ஜை நகர்த்தவேண்டும், ஃபிரிட்ஜை நகர்த்த பேட்டரியை எடுக்கவேண்டும். தாயும் மகளும் காரில் சீட் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்குப் பெல்ட்டைக் கழற்றினார்கள். பன்னிரண்டு மணிக்கு மனைவி இறங்கி வந்தார்.

"எவ்வளவு நேரங்க ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"கடிகாரத்துல பத்து நிமிஷமா, உங்க பத்து நிமிஷமா?"

டாக்டரின் தலை இழுப்பறை இருந்த பொந்துக்குள் இருந்தது. மனைவி இரண்டு பாய்களையும் ஓட்டைக் கரண்டிகளையும் எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்குப் போய்த் தார்ப்பாயையும் வாணலியையும் கேட்டு வாங்கி வந்தார். மகள் டிரெய்லரைக் காரிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். மாட்டவும் கழற்றவும் நாற்பது செகண்டுதான் ஆகவேண்டும் என்று கையில் கடிகாரத்தோடு அவளுக்குப் பழக்கியவரே அப்பாதான். கொக்கியின் ஓசை காதில் விழுந்ததும் அவர் பொந்துக்குள் இருந்தபடியே வழிநடத்தினார்.

"முதல்ல டிரெய்லரோட முன்காலை இறக்கு. சங்கிலி. அப்புறம் ஒயர்."

"ஆச்சுப்பா."

"எவ்வளவு?"

"இருபத்தொன்பது செகண்டு."

"சபாஷ்" என்றார் டாக்டர்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நிழலில் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தார்.

அன்று மாலைவரை டிரெய்லரைத் தள்ளினார், குலுக்கினார், ஏறிக் குதித்தார். டொக் வரவேயில்லை. வராத சத்தம்தான் ஆபத்தானது என்று அவருக்குத் தோன்றியது. ஞாயிறு மதியம் இருவரும் காலெல்லாம் மணலோடு வந்து இறங்கினார்கள்.

"ராத்திரி குளிரலையா?"

"குளிருச்சே" என்று மகள் சொல்ல, தாயும் மகளும் எதையோ நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தனக்கு இடமில்லை என்று டாக்டருக்குத் தெரிந்தது. வலித்தது. வலித்ததும் என்ன செய்தார்? போய் இழுப்பறைக்கு ரப்பர் ஒட்டினார்.

திங்கட்கிழமை இரண்டு பெட்டி, ஒரு மெத்தைச் சுருள், நாலு கட்டுப் புத்தகம் வாசலில் நின்றன. காரில் பாதிகூட ஏறவில்லை.

"டிரெய்லர்ல வைக்கலாமாப்பா?" என்றாள் மகள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் எடைபோடாமல், ஃபிரிட்ஜ், பேட்டரி, தொட்டி, இழுப்பறை, மண்வெட்டி எல்லாவற்றையும் வாரி வெளியே வைத்தார். இருபது நிமிடம். உள்ளே வெறும் தகடும் தரையும். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். முதல் மாதக் கடைசியில் இருந்ததும் இதே வண்டிதான், இதே தரைதான். அவர் சிறிதுநேரம் கதவைப் பிடித்தபடி நின்றார். மெத்தைச் சுருளை மகளே தூக்கி உள்ளே போட்டாள்.

எந்தக் காட்டிலும் மேட்டிலும் போகும் அந்த வண்டியின் முதல் பயணம், வழவழப்பான தார்ரோட்டில் ரயில் நிலையம்வரை, ஒன்பது கிலோமீட்டர். தெருமுனை திரும்பினார்கள்.

டொக்.

டாக்டரின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்கப்பா" என்று மகள் குனிந்து, பின்சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்த தண்ணீர் ஃபிளாஸ்க்கை எடுத்தாள். "இதுதான். சனிக்கிழமையும் இதுதான். ஏரிக்குப் போற வழியிலேயே தெரிஞ்சுடுச்சு."

"ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வேற வேலை கண்டுபிடிச்சிருப்பீங்க" என்றார் மனைவி, ரோட்டைப் பார்த்தபடி.

ரயில் வந்தது. சாமான்களை ஏற்றினார்கள். மகள் ஓட்டைக் கரண்டி ஒன்றைத் தன் கைப்பையில் செருகிக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டாக்டர் கேட்டார்.

"வண்டி நல்லா வந்துச்சுல்ல?"

"நல்லா வந்துச்சுப்பா. மூணு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கும்."

ரயில் போன பிறகும் அவர் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். மனைவிதான் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அவ்வளவுதான். நீங்கள் இந்த இனம் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் டிரெய்லரும் இல்லை, ஓட்டைக் கரண்டியும் இல்லை. வீட்டு வேலை முடியட்டும், மழை விடட்டும், அந்தப் புதுச் செருப்பு வரட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டிருப்பது வேறு விஷயம். அதற்குத் தக்க காரணம் இருக்கும். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஓர் இடத்தில் யாரையோ நினைத்துக்கொண்டீர்கள் அல்லவா? இப்போதே எழுந்து போய் அவரைக் கூப்பிடுங்கள்.

என்ன, அதற்குள் எங்கே கிளம்பிவிட்டீர்கள்? போனுக்கு சார்ஜ் போடவா?