கல்யாணப் பேச்சுக்கு எத்தனை எம்.பி.?

கம்ப்யூட்டர் திரையில் சிவபாலன் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான்.

"பொண்ணு போட்டோ பாத்தியாப்பா? பிடிச்சிருக்கா?" என்று கோவிந்தராசு கேட்டு வாயை மூடவில்லை, பாரிஸிலிருந்து பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு கையைத் தூக்கியது தூக்கியபடி அசையாமல் போய்விட்டான். சத்தமும் இல்லை.

"ஹலோ! சிவா! ஹலோ!"

துறைமுகத்தில் படகுக்காரர்களைக் கூப்பிடும் குரலில் கத்திப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இணைப்பே அறுந்தது.

"போன ஞாயித்துக்கெழமையும் இதே இடத்துலதான் நின்னான்," என்றாள் மனைவி அஞ்சுகம்.

"அவன் எங்கடி நின்னான்? நெட்டு நிக்குது."

கோவிந்தராசு மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிறவர். ஊரில் எவனுக்கும் பயப்படமாட்டார். ஆனால் நாலு பேர் முன்னால் தலைகுனிவு என்றால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர், திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்தும் அம்பலவாணனிடம் போய், "என் பிள்ளை நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். உங்க பொண்ணு நந்தினிதான் எங்க வீட்டு மருமக" என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தார். அம்பலவாணன் தெளிவான ஆள். "சந்தோஷம். இருந்தாலும் தை முடியறதுக்குள்ள தம்பி வாயால ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் வேற எடம் பாக்கணும்" என்றுவிட்டார். தையும் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

"போன்லயே கேட்டுடுங்களேன்," என்றாள் அஞ்சுகம்.

"கேக்காமலா இருப்பேன்? 'சரியாக் கேக்கலப்பா, நெட்டுல பேசிக்கலாம்'ங்கறான்."

"என்கிட்ட பேசறப்ப நல்லாத்தானே வருது? நேத்துகூட ரசம் வைக்கிற பக்குவம் கேட்டான், ஒரு எடத்துல நிக்கலியே."

"ரசத்துக்கெல்லாம் எம்.பி. கம்மியாப் போதும். கல்யாணப் பேச்சு கனமான பேச்சு, இழுக்க மாட்டேங்குது."

அஞ்சுகம் அடுப்படிக்குப் போய்விட்டாள். எம்.பி. விஷயத்தில் அவளால் என்ன வாதாட முடியும்?

மறுநாளே டெலிபோன் ஆபீசுக்குப் போய் ரெண்டு எம்.பி. வேக இன்டர்நெட் பிளானுக்கு மாறினார் கோவிந்தராசு. அடுத்த அழைப்பில் "பிடிச்சிருக்கா?" என்றார். சிவபாலன் நின்றான். இந்த முறை கண்ணைக்கூடப் பாதி மூடிய நிலையில்.

'பாஸ்வேர்டு போடாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் இன்டர்நெட்டை இழுப்பார்' என்று எங்கேயோ படித்த ஞாபகம் அப்போதுதான் வரவேண்டுமா? நேரே மதில்மேல் எக்கினார். அந்தப் பக்கம் மளிகைக்கடை நாகூர் மீரான் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், மறைக்காம சொல்லுங்க. எங்க நெட்டை நீங்கதானே இழுக்கறீங்க?"

"என்னத்த இழுக்கறேன்?"

"இன்டர்நெட்டு! என் பிள்ளை கல்யாணமே உங்களால நிக்குது!"

தெருவில் போன ரெண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். மீரான் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டார்.

"எங்க வீட்டுல கம்ப்யூட்டரே இல்லையே அண்ணே. இத்தனை வருஷம் பழகுன என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுட்டீங்களே."

கோவிந்தராசுக்கு முகம் செத்துவிட்டது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் மெல்ல மதிலைவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து மீரானின் மனைவி அஜீசுன்னிசா அஞ்சுகத்தைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"நெட்டுப் பெட்டி பழசுங்க," என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். "லைன்ல ரெண்டு எம்.பி. வருது, இந்த ரௌட்டர் அவ்வளவையும் உள்ள விடாது. இதை மாத்துனாத்தான் முழு வேகமும் வரும்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? பாயை வேற பேசித் தொலைச்சிட்டேனே!"

கடைக்காரருக்கு எந்தப் பாய் என்று புரியவில்லை. புது ரௌட்டரைக் கட்டிக் கொடுத்தார்.

மாட்டிக் கொடுக்கக் கடை ஆள் வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமை ஏது? பழைய பெட்டியைப் பிடுங்கி, கிடைத்த ஒயரை எல்லாம் கிடைத்த ஓட்டையில் செருகினார் கோவிந்தராசு. இன்டர்நெட் பிய்த்துக்கொண்டு வந்தது. வீட்டு டெலிபோன் செத்துப்போனது. அது அவருக்குத் தெரியாது. அம்பலவாணன் செல்லில் கூப்பிட்டபோது பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. என்ன பதிலைச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. அம்பலவாணன் இறங்கினார், கூடவே அவருடைய அக்கா. பின்னாலேயே மீரான்.

"வீடு எதுன்னு கடையில கேட்டாங்க. வழி காட்ட வந்தேன்," என்று மீரான் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வீட்டு போனுக்குப் போட்டா ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறீங்க. செல்லும் எடுக்கல," என்றார் அம்பலவாணன். "இஷ்டமில்லேன்னா ஒரு வார்த்தை சொல்லிடலாமேங்க. நாங்க என்ன சண்டைக்கா வரப்போறோம்?"

கோவிந்தராசுக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லைங்க! எல்லாம் இந்தப் பாழாப்போன ரௌட்டரால வந்தது. இப்ப மாத்தியாச்சு. உக்காருங்க, உங்க கண்ணு முன்னாடியே கேக்கறேன். பாய், நீங்களும் உள்ள வாங்க. அன்னிக்குப் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க."

பாரிஸில் அப்போது பகல். சிவபாலன் திரையில் வந்தான். என்ன தெளிவு! ஸ்வெட்டரின் நூல்கூடத் தெரிந்தது. கோவிந்தராசு தான் பெற்ற பிள்ளையை இப்போதுதான் ஒழுங்காகப் பார்ப்பதுபோல் பூரித்துப்போனார்.

அம்பலவாணனின் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அது என்ன தம்பி, ஜன்னலுக்கு வெளியில வெள்ளை வெள்ளையா?"

"பனிங்க அத்தை. காலைலேருந்து கொட்டுது."

"அடி ஆத்தீ! நான் இதெல்லாம் எங்க பாத்தேன்! எவ்வளவு அழகா இருக்கு!"

"பாத்தீங்களா," என்றார் கோவிந்தராசு, "பனிகூடத் தெரியுது. இதான் முழு வேகம். கேளுங்க சம்பந்தி, நீங்களே கேளுங்க."

அம்பலவாணன் தொண்டையைச் செருமினார். "தம்பி, எங்க பொண்ணு நந்தினியை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

சிவபாலன் நின்றுவிட்டான். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கை அந்தரத்தில்.

"சிவா! ஹலோ!"

கோவிந்தராசு எழுந்து ரௌட்டரை ஒரு தட்டுத் தட்டினார். விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. இன்னொரு தட்டு. "கடைக்காரன் ஏமாத்திட்டான்! டெலிபோன் ஆபீசும் கூட்டு!" அம்பலவாணன் முகத்தைப் பார்க்கும் தெம்பில்லாமல் மீரான் பக்கம் திரும்பினார். "பாய், நெஜமாவே உங்க வீட்டுல யாரும் இழுக்கலையே?"

"அல்லாஹ்வே! நான் இங்கதானே நிக்கறேன்!" என்றார் மீரான்.

அஞ்சுகம் காபித் தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். கோவிந்தராசு ரௌட்டரைக் கையில் தூக்கி உலுக்கினார்.

திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அக்காதான் சொன்னாள்:

"அந்தப் பெட்டியை ஏங்க போட்டு அடிக்கறீங்க? தம்பி மட்டும்தான் நிக்கிறாரு. பனி பாட்டுக்குக் கொட்டிக்கிட்டேதான் இருக்கு."