பூனையின் புரதமும் என் விஞ்ஞானமும்

இரத்தப் பரிசோதனை முடிவை வைத்தியருக்கு முந்திப் படித்துவிடுகிறவர்கள் ஆபத்தானவர்கள். நான் அவர்களில் ஒருவனாக இருந்தேன்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்த வருடமே எனக்குக் கல்யாணம். மனைவி செல்வியோடு அவள் வளர்த்த பூனை ராணியும் வந்தது. மூன்றாம் மாதம் ராணி இருமத் தொடங்கியது. தரையோடு படுத்து, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவிக்கும். செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

பதுளைக்குக் கொண்டுபோனோம். யாழ்ப்பாணத்துக்காரரான மிருக வைத்தியர் இரத்தமும் மலமும் எடுத்துவிட்டு, “வாற கிழமை கொண்டு வாங்கோ” என்றார். இரத்த முடிவு மட்டும் மறுநாளே என் போனுக்கு வந்தது. மொத்தப் புரதம் அதிகம். அதற்குக் கீழிருந்த வரிகளை நான் படிக்கவில்லை. (படித்திருந்தாலும் விளங்கியிருக்காது.)

“புரதம் கூடிப்போச்சு. மீன நிப்பாட்டு.”

“பூனைக்கு மீன் இல்லாம எப்படிங்க?”

“இதத்தான நான் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறேன்.”

ஒரு வாரம் ராணிக்குச் சோறும் பூசணிக்காயும். அது தட்டை முகர்ந்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் பல்லி பிடித்தது. இருமல் கூடியது, விலா எலும்பு தெரிந்தது. செல்வியின் முகத்தைப் பார்க்கப் பயந்து, அடுத்த தவணைக்கான பாடக்குறிப்பையும் எழுதி முடித்தேன்.

“நுரையீரல்ல புழு” என்றார் வைத்தியர், மறு வாரம் மல முடிவைப் பார்த்துவிட்டு. “அதோட போராடத்தான் உடம்பு ஒரு வகைப் புரதத்தைக் கூடச் செய்யுது. மற்றப் புரதம் குறைஞ்சு கிடக்கு. நல்லாச் சாப்பிட வேணும். என்ன குடுக்கிறியள்?”

“பூசணிக்கா” என்றாள் செல்வி. “வெளியில பல்லி புடிச்சுத் திங்குதுங்க.”

வைத்தியரின் பேனா நின்றது. “நத்தை, பல்லியில இருந்துதான் இந்தப் புழுவே வாறது. ஆர் மீனை நிப்பாட்டச் சொன்னது?”

நான் சுவரில் இருந்த மாட்டுப் படத்தை ஆழ்ந்து கவனித்தேன்.

“இவருதாங்க. ஸ்கூல்ல விஞ்ஞானம் படிச்சுக் குடுக்கிறாரு.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சீட்டில் மருந்துக்கு மேலே ‘மீன்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, என்னிடம் நீட்டினார்.

அதன்பிறகு பாடசாலை விட்டதும் ஓடிவந்து ராணியின் மூச்சைப் பார்ப்பதே என் வேலையானது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் செல்வி தாய்வீட்டுக்கே போய்விடுவாளோ என்ற பயம். மூன்றாம் வாரம் இருமல் நின்றது. ராணி கறிச்சட்டிக்குள் தலையை விட்ட அன்றுதான் செல்வி மறுபடி என்னோடு பேசினாள்: “பாத்துக்கிட்டே நிக்கிறீங்க, இன்னொரு துண்டு போடுங்க.”

போன மாதம் எனக்கே இரத்தத்தில் சீனி பார்த்தார்கள். முடிவுத் தாளுக்குக் கை நீட்டினேன். அந்தக் காலத்தில் பிறந்தே இருக்காத, ஆனால் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த எங்கள் மகள் அதைப் பறித்துச் செல்வியிடம் கொடுத்தாள்.

“அப்பாகிட்ட காட்டாதீங்கம்மா. நாளையில இருந்து நமக்கும் பூசணிக்காதான்.”