ஆக்சிஜன் ஏறாத டிரம்

ஆற்றில் ஆக்சிஜன் மறுபடியும் சைபரில் வந்து நின்றது. டென்னிஸ் மீட்டரின் மண்டையில் ஒரு தட்டு தட்டினான். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாக் கோளாறுக்கும் அதுதான் முதல் வைத்தியம்.

எண்ணூர் முகத்துவாரப் பாலத்தடியில் தொங்கிய அந்த மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து உடனுக்குடன் ஆபீஸ் திரைக்கு அனுப்பும். ஆற்றுக்குப் புத்துயிர் கொடுத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அவன் கம்பெனி. சாயங்காலம் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள்.

டீக்கடை பூமாரி எட்டிப் பார்த்து, அது இன்னா என்று கேட்டாள்.

"கேஸ் மீட்டரு, அக்கா. தண்ணில கேஸ் எப்டி கீதுன்னு பாக்கத்தான் வந்துகீறேன். யாரும் கை வைக்காம பாத்துக்க."

பூமாரியின் முகமே மாறிவிட்டது. கேட்காமலே டீ வந்தது. குப்பமே காவல் இருக்கும், நிம்மதியாகப் போ என்றாள்.

டென்னிஸ் மீட்டரைக் கழுவினான். சைபர். முனையை மாற்றினான். சைபர். வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் ஜம்மென்று ஏறியது. மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆறுதான் செத்துக் கிடக்கிறது என்று மேலாளர் எபினேசருக்கு போன் போட்டுச் சொன்னான்.

"ஆறு ரிப்பேர்னு நான் மேல சொல்ல முடியுமாய்யா? சாயங்காலம் நல்ல நம்பர் வரலைன்னா நீ வேற வேலை பாத்துக்க."

ராயபுரத்தில், டென்னிஸ் கட்டிக்கொள்ளப்போகும் ரோசியின் அப்பா கல்யாணத்துக்குத் தலையாட்டியதே இந்தக் கம்பெனி வேலையைப் பார்த்துத்தான்.

ஆற்றைத் திருத்த முடியாது. தண்ணீரை மாற்றலாமே என்று தோன்றியது. மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் தோஸ்து யாசினிடமிருந்து குமிழி விடும் பேட்டரி மோட்டாரை வாங்கி வந்தான். யாரும் பார்க்காத நேரத்தில், பாலத்தடியில் ஒரு நீல டிரம்மை ஒளித்துவைத்து, கேன் தண்ணீரை நிரப்பி, மீட்டரை அதற்குள் இறக்கினான். ஆக்சிஜன் மலையருவிக் கணக்காக எகிறியது. எபினேசர் போனிலேயே ஸ்தோத்திரம் சொன்னார்.

சாப்பிடலாமென்று அவன் திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் போன் மறுபடி அடித்தது. சைபர். பாதி பரோட்டாவோடு திரும்பி ஓடினான். மோட்டார் நின்றிருந்தது, தண்ணீர் கறுத்திருந்தது. எண்ணூர்க் காற்றில் எதுதான் கறுக்காது? அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்த சாம்பல் விழுந்திருக்கிறது என்று அவனே முடிவுகட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு மூடினான்.

யாசினிடம் பெரிய மோட்டார் வாங்கப் போய்வந்தால், மூடிக்குள்ளும் தண்ணீர் கறுத்திருந்தது. சாம்பலுக்கு மூடியெல்லாம் ஒரு தடையா என்று நொந்துகொண்டு மறுபடி மாற்றினான். பெரிய மோட்டாரைப் பொருத்தி, மூடியைக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டு, அதிகாரிகளை வரவேற்க மெயின் ரோட்டுக்கு ஓடினான்.

பாலத்தின் மேல் பெரிய அதிகாரி வந்து நின்றார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே, ஆறு அருமையாக இருக்கிறது என்றார். எபினேசர் பெருமையாகப் போனில் ஆபீஸ் திரையைக் காட்டினார். ஆக்சிஜன் சைபர். கார்பன் டை ஆக்சைடு உச்சியில்.

"ஆறு நல்லாத்தான் இருக்கு. நம்பர்தான் இடிக்குது" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

எபினேசர் டென்னிஸின் கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டென்னிஸ் பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ரோசியின் அப்பாவிடம் என்ன சொல்வதென்று நினைக்கவே அவனுக்கு அழுகை முட்டியது.

பூமாரி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கலங்காத நைனா. எவனோ ஒரு பேமானி டிரம்முல நல்ல தண்ணி ரொப்பி ஆறு செத்துப்போச்சுன்னு குப்பம் போட்ட கேஸை ஒடைக்கப் பாத்தான். வுடுவமா? ஒவ்வொரு தபாவும் மோட்டாரை நிறுத்திட்டு, அத்தக் கவுத்துட்டு, ஆத்துத் தண்ணியே ஊத்தி வச்சோம். இனிமே கோர்ட்டுல நம்ம கேஸு நிக்கும்."