பின்னால் நடந்த கார்டு சார்

லேக் கார்டன்ஸ் தமிழர்களில், விசிலுக்குப் பயப்படாமல் இலக்கியம் பேசியவர் எவரும் கிடையாது. விசில் கார்டு சாருடையது. அவர் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் போகிற கார்டு. அந்தப் பதவிக்கு ரயில்வே டிரெயின் மேனேஜர் என்று புதுப்பெயர் வைத்தபோது எங்கள் தெரு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெற்றோர் வைத்த பெயரையே கண்டுகொள்ளாத தெரு அது.

மனிதர் எங்கும் முன்னால் நடக்க மாட்டார். துர்கா பூஜைக் காலத்தில் நாலைந்து குடும்பமாகப் பந்தல் பார்க்கக் கிளம்பினால் கடைசி ஆள் அவர்தான். யாராவது புச்கா என்கிற பானிபூரி வண்டியில் தேங்கினால் அவரும் தேங்குவார். முன்னால் போன நாங்கள்தான் தேடிக்கொண்டு திரும்பி வரவேண்டும். விருந்திலும் கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்திருக்கும். வெறும் மோர் சாதத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "எல்லாரும் சாப்பிட்டாச்சுல்ல? ஆல் ரைட்" என்று எழுந்திருப்பார். "எங்க கல்யாணத்துலயே இவரைத் தேடிப் பிடிச்சுத்தான் மணவறைக்குக் கூட்டிட்டு வந்தாங்க" என்பார் அவர் மனைவி.

மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் வாசகர் வட்டம். புத்தகம் ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றி வரும். கூட்டத்தில் முதலில் கொடி காட்ட வேண்டும். பிடித்திருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அப்புறம் பேசலாம். நீட்டி முழக்கினால் விசில். ஒருமுறை கீழ்வீட்டு வங்காளி அண்ணன், எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று வாளித் தண்ணீரோடு மாடியேறி வந்துவிட்டார்.

அப்படிச் சுற்றில் வந்ததுதான் அந்தப் பழைய நாவல். உலகமே கொண்டாடுகிற நாவலாம். மனச்சோர்வில் மூழ்கிப்போன ஒருவனின் கதை. ஒரு காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பான். கூட்டத்தில் ஒரே சிவப்புக் கொடியாகப் பறந்தது.

"விட்டமின் டி பார்த்திருந்தா முதல் அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும்" என்றார் ஜாதவ்பூரில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கும் அம்மா.

"என் கடையில ரெண்டு நாள் மிக்சர் பொட்டலம் கட்டச் சொல்லுங்க. தானாச் சரியாயிடும்" என்றார் பலகாரக் கடைக்காரர்.

"காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிருக்கணும்" என்றார் அவர் மனைவி.

"பண்ணித்தானே வெச்சாங்க? அதுக்கப்புறம்தானே சாக்ஸைக் கையில பிடிச்சான்?" என்றார் கடைக்காரர்.

நான் மட்டும் பச்சைக் கொடி காட்டினேன். "நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இதுல சோகம் எங்க இருக்கு? எல்லாரும் காலைல அப்படித்தானே உட்கார்ந்திருக்கோம்? ஆபீஸ் இருக்கற செக்டர் ஃபைவ்ல பஸ் நின்னப்புறமும் கண்டக்டர் வந்து சொல்ற வரைக்கும் நான் இறங்கறதில்ல. இறங்கி என்ன ஆகப்போகுது? சாப்பாடு வாயில வெச்சா மண்ணு மாதிரி இருக்கு. எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கு?"

பேசிக்கொண்டே போனேன். விசில் வரவில்லை. அது கார்டு சாரின் கையிலேயே இருந்தது. என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வீட்டு மணி அடித்தது.

"லேக் பக்கம் ஒரு நடை போலாம் சார்" என்றார் கார்டு சார்.

"இன்னிக்கு வேணாமே."

"சரி" என்று உட்கார்ந்தார். காபி குடித்தார். இன்னொரு காபியும் குடித்தார். பேப்பரில் டெண்டர் விளம்பரங்களைப் படிக்க ஆரம்பித்ததும், இவர் போகப்போவதில்லை என்று புரிந்துகொண்டு செருப்பைத் தேடினேன்.

தினமும் இதே கதை. பக்கத்தில் வரச்சொன்னால் வரமாட்டார், பின்னால்தான் நடப்பார். வெளியூர் டியூட்டி என்றால் போன் வரும்.

"டான்குனியில நிக்கறோம், சிக்னல் விழல. நீங்க எங்க?"

"கட்டில்ல."

"ஓகோ, உங்களுக்கும் விழலையா?"

ஒருநாள் லேக் பக்கம் திரும்பவிடாமல், "நேராப் போங்க, இப்ப இடது பக்கம்" என்று பின்னாலிருந்தே ஓட்டிக்கொண்டு போனார். நின்ற இடம் ஒரு மனநல மருத்துவரின் வாசல். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எனக்கென்ன சார்? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"வண்டி ரெண்டாப் பிரிஞ்சா, நின்னுபோன பெட்டிக்கு அது தெரியாது சார். என்ஜின் பாட்டுக்குப் போயிடும். அந்தப் பெட்டிகளோட கார்டுதான் நிப்பான். விட்டுட்டுப் போகக்கூடாது, அது ரூல்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"என்ஜின் திரும்பி வர்ற வரைக்கும்."

உள்ளே போனேன். என்ஜின் அவசரப்படவில்லை. மருந்து, மறுபடி டாக்டர், மறுபடி நடை என்று மாதங்கள் ஓடின. ஒரு சாயங்காலம் பலகாரக் கடையில் நின்று, மிக்சரில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டேன். கடைக்காரர் முறைத்தார். எனக்குப் பின்னால் நின்ற கார்டு சார், தெருவே திரும்பிப் பார்க்க விசில் ஊதினார்.

கார்டு சார் ரிட்டயர் ஆகி ஈரோட்டுக்குக் கிளம்பியபோது ஹவுராவில் வழியனுப்ப எல்லோரும் போயிருந்தோம். அவர் இருந்த பெட்டி நகர்ந்து போனதும் மற்றவர்கள் கையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நான் நின்றேன்.

"அவர் பெட்டி எப்பவோ போயிடுச்சே சார்" என்றார் பலகாரக் கடைக்காரர்.

"முழு வண்டியும் போகட்டும்" என்றேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது. கார்டு சார் போகிற வண்டி. கடைசிப் பெட்டிவரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, பின்னால் ஒரு ஆள் வேண்டாமா?